தேவனுக்கேற்ற துக்கம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரங்கள். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அம்மா முன்பே காலமாகிவிட்டார்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அதற்கு அடுத்த வருடம் எங்கள் தோட்டத்தையும் வீட்டையும் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். என் ஒரே தங்கையைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய், பட்டா மாறுதலுக்கு வேண்டிய கையெழுத்து என்று சொல்லி, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். அண்ணன் சொன்னால் சரி என்று வாசிக்காமலேயே போட்டாள். கல்யாணத்துக்கு அப்பா அவளுக்கு நகை போட்டு அனுப்பினாரே, அதுவே அவள் பங்குதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இப்போது அவள் கணவர் உடல்நலமின்றி வேலைக்குப் போக முடியாமல் இருக்கிறார். அந்தச் செய்தி வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

லெந்து காலக் கூட்டங்களிலும் உபவாச ஜெபங்களிலும் முழங்காலில் நின்று அழுகிறேன். குருவானவரிடம் 'ஒரு பழைய பாவம்' என்று மட்டும் சொன்னேன். இயேசுவின் இரத்தம் சகல பாவங்களையும் நீக்கும், முந்தினவைகளை நினைக்க வேண்டாம் என்று சொல்லி ஜெபித்தார். சில நாள் நிம்மதி இருந்தது. பிறகு பழைய நிலைதான். நான் சபைக் கமிட்டியிலும் இருக்கிறேன். 'தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்குகிறது' என்று வாசிக்கிறோம். என் துக்கம் அப்படிப்பட்டது இல்லையா? இன்னும் எவ்வளவுதான் அழ வேண்டும்?

இப்படிக்கு,
ஒரு சகோதரர்

அன்புள்ள சகோதரருக்கு,

இன்னும் எவ்வளவு அழ வேண்டும் என்று கேட்கிறீர்கள். அழுதது போதும். தங்கையிடம் போங்கள். பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப்போவதை வாசித்து, மனம் உருகி, இன்னோர் இரவு அழுது, அதோடு காரியம் முடிந்தது என்று நீங்கள் இருந்துவிடக் கூடாது.

உங்கள் துக்கம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் குறிப்பிட்ட வசனத்தை அதற்கு அடுத்த வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். பவுல் கொரிந்து சபைக்குக் கடுமையான கடிதம் ஒன்றை அனுப்பியிருந்தார். அனுப்பியபின் அவருக்கே மனம் சஞ்சலப்பட்டது. மக்கெதோனியாவில் இளைப்பாறுதல் இல்லாமல் இருந்தபோது அவருடைய உடன்ஊழியர் தீத்து வந்து, அந்தக் கடிதம் கொரிந்தில் என்ன செய்தது என்று சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் எழுதியதுதான் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 7-ஆம் அதிகாரம். தேவனுக்கேற்ற துக்கம் அவர்களிடம் எவற்றை உண்டாக்கிற்று என்று 11-ஆம் வசனத்தில் அடுக்குகிறார்: ஜாக்கிரதை, நியாயஞ்சொல்லுதல், வெறுப்பு, பயம், ஆவல், பக்தி வைராக்கியம், தண்டனை. இந்த ஏழில் கண்ணீர் இல்லை. கொரிந்தியர் துக்கித்தார்கள் என்று தீத்து சொன்னது 7-ஆம் வசனத்தில் இருக்கிறது. ஆனாலும் பவுல் அதை வைத்து அவர்களை அளக்கவில்லை. அந்த நிருபத்தில் 'அதிகக் கண்ணீரோடே' எழுதியதாகச் சொல்லப்படுபவர் பவுல்தான்.

அதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தவறு செய்து, சபையால் கண்டிக்கப்பட்ட ஒருவனைப் பற்றிப் பேசும்போது, அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு அவனுக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்கிறார் பவுல். ஒரு மனிதன் ஆயுள் முழுக்கத் துக்கப்பட்டுக்கொண்டிருப்பது தேவனுக்குப் பிரியம் என்று வேதத்தில் எங்கும் நான் வாசித்ததில்லை. தேவனுக்கேற்ற துக்கம் ஒரு வேலைக்காக வருகிறது, வேலை முடிந்ததும் விலகுகிறது. உங்களுடைய துக்கம் விலகாமல் நிற்பதற்குக் காரணம் அது குறைவாக இருப்பது அல்ல. அது எந்த வேலைக்காக வந்ததோ, அந்த வேலையை நீங்கள் இன்னும் தொடவில்லை.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு ஜான் நியூட்டனின் நினைவு வந்தது. 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதியவர் என்று நம் சபைகளில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். 1748 மார்ச்சில் அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கி, கப்பலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது, தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அதையே தம் மனமாற்றத்தின் நாளாகக் கடைசிவரை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார். நாம் பிரசங்கங்களில் கேட்கும் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும். அதன் பிறகு அவர் என்ன செய்தார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

அதன் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களின் கேப்டன் ஆனார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். 1752 டிசம்பரில், அடிமைகள் கலகத்துக்குத் திட்டமிடுகிறார்கள் என்று தெரிந்து, உண்மையை வரவழைக்கச் சிறுவர்களின் கட்டைவிரல்களைத் திருகுக் கருவியில் இட்டதைத் தம் கப்பல் குறிப்பேட்டில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பைத் தேவனுடைய தயவைச் சொல்லித்தான் தொடங்குகிறார். 1754-இல் அவர் கடலை விட்டதும் மனச்சாட்சி குத்தியதால் அல்ல, திடீரென்று வந்த நோயால். 1764-இல் குருவானவராக அபிஷேகம் பெற்றார். 1773 புத்தாண்டு நாளுக்காக அந்தப் பாடலை எழுதினார். அடிமை வணிகத்தைப் பற்றிய தம் அறிக்கையை அச்சிட்டு வெளியிட்டதோ 1788-இல். புயலுக்கும் அந்த அறிக்கைக்கும் நடுவே 40 வருடங்கள்.

நியூட்டனின் 1748-ஆம் வருடத்துக் கண்ணீர் போலியானது என்று நான் நினைக்கவில்லை. அது தேவனை எட்டியிருந்தது. யாருக்குத் தீங்கு செய்தாரோ அவர்களை எட்டவில்லை. 1788-இல் எழுதும்போது இந்த அறிக்கை மிகவும் தாமதமாக வருகிறது என்று அவரே ஒத்துக்கொள்கிறார். இன்று தம் இருதயம் எதைக் கண்டு நடுங்குகிறதோ அதே தொழிலில் தாம் ஒரு காலத்தில் மும்முரமாக இருந்ததை எண்ணி என்றும் தாழ்மைப்படுவேன் என்கிறார். பொதுவாகப் 'பாவி' என்று சொல்லிக்கொள்வதோடு அவர் நிற்கவில்லை. கப்பலில் மனிதர்களை எப்படி அடுக்கினார்கள், எப்படி வதைத்தார்கள் என்று விவரமாக எழுதினார், பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். 1807 மார்ச்சில் பிரிட்டன் அந்த வணிகத்தைத் தடைசெய்தது. அந்த டிசம்பரிலேயே அவர் இறந்தார்.

அவர் கொண்டுபோய் விற்ற மனிதர்களில் ஒருவரிடமும் திரும்பிப்போக அவருக்கு வழி இருக்கவில்லை. உங்களுக்கு வழி இருக்கிறது. உங்கள் தங்கை உயிரோடு இருக்கிறார், அவர் வீட்டுக்குப் போகும் பாதை உங்களுக்குத் தெரியும்.

'தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து' என்று தாவீது சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்கக்கூடும். இந்த வசனத்துக்குள் ஒளிந்துகொள்கிறவர்கள் பலர். 51-ஆம் சங்கீதத்தை 14-ஆம் வசனம் வரை வாசியுங்கள். 'இரத்தப்பழிகளுக்கு என்னை நீங்கலாக்கிவிடும்' என்று அதே தாவீது கதறுகிறார். அவர் போர்முனையில் சாகச் செய்த உரியாவின் இரத்தம் அவர் கண்முன் நிற்கிறது. உரியா செத்துப்போனான். அவனிடம் போய் நிற்க இனி முடியாது என்பதுதான் அந்தச் சங்கீதத்தின் ஆற்றாமை என்று எனக்குத் தோன்றுகிறது.

நகை விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் பெண்பிள்ளைகளின் பங்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் பறிக்கப்படுகிறது. சபையில் ஸ்தோத்திரம் சொல்லும் அதே வாய்தான் வீட்டில் இதையும் சொல்கிறது என்பது எனக்குத் தீராத வேதனை. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில், 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. தகப்பன் உயிரோடிருந்த காலத்தில் ஒரு பிள்ளையின் வாழ்வுக்காகக் கொடுத்ததை அந்தப் பங்கில் கழிக்கக் கூடாது என்று அதன் 49-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே நகை கணக்கில் வராது. சட்டம் வேறு மாதிரி இருந்தாலும் என் பதில் மாறாது. நீங்கள் பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினீர்கள். நகைதான் அவர் பங்கு என்று உண்மையிலேயே நம்பியிருந்தால், அதை அன்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பீர்கள்.

லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தை இந்த வாரம் நிதானமாக வாசியுங்கள். பிறனை வஞ்சித்து எடுத்துக்கொண்டவன், எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, குற்றநிவாரணபலியிடும் நாளில் உரியவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகே ஆசாரியன் பாவநிவிர்த்தி செய்கிறான். மலைப்பிரசங்கத்திலும் இதே ஒழுங்குதான். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முன்பு போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்து என்கிறார் ஆண்டவர். நீங்கள் இந்த ஒழுங்கை மாற்றி, பலிபீடத்தின் முன்னாலேயே நின்றுகொண்டிருக்கிறீர்கள். உங்கள் குருவானவரைக் குறை சொல்ல மாட்டேன். முழுதாகச் சொல்லாத பாவத்துக்கு அவர் வேறென்ன ஆலோசனை சொல்வார்? அவரிடமும் முழுதாகச் சொல்லுங்கள்.

கமிட்டிப் பொறுப்பைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுதவேண்டியிருக்கிறது. சவுல் ராஜாவும் 'நான் பாவஞ்செய்தேன்' என்றான். அதே மூச்சில், என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் கேட்டான். தாவீதும் தீர்க்கதரிசி நாத்தானிடம் அதே 'பாவஞ்செய்தேன்' என்ற வார்த்தையைத்தான் சொன்னார். கூடவே ஒன்றையும் கேட்கவில்லை. ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் உங்களை இத்தனை காலம் தடுத்திருக்கிறது என்று கடிதத்தின் வரிகளுக்கு இடையே வாசிக்கிறேன். தங்கையின் பங்கை அவர் பெயருக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம் பதிவாகும்வரை கமிட்டியிலிருந்து விலகி நில்லுங்கள். ஆனால் இதைக் கூட்டத்தில் எழுந்து சாட்சியாகச் சொல்லவேண்டும் என்று நினைக்காதீர்கள். சகேயு எல்லோருக்கும் முன்பாக எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்புவேன் என்றான். அவன் வரி வசூலிக்கும் ஆயக்காரன், ஊர் முழுவதிலும் வாங்கியவன், ஆகவே ஊர் முன்னால் சொன்னான். நீங்கள் ஒரு பெண்ணிடம் வாங்கினீர்கள். அவரிடம் சொல்லுங்கள். அவர் சம்மதம் இல்லாமல் அவருடைய கஷ்டத்தை உங்கள் சாட்சியில் ஒரு பகுதியாக ஆக்காதீர்கள்.

எதிர்ப்பக்கத்து ஆபத்து ஒன்றும் உண்டு. நிலத்தைத் திருப்பிக் கொடுத்த மறுநாளே மனம் லேசாகிவிடும் என்று எண்ணிக் கொடுத்தால் ஏமாந்துபோவீர்கள். யூதாசும் திருப்பிக் கொடுத்தான். முப்பது வெள்ளிக்காசையும் கொண்டுவந்து, 'குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்' என்று அறிக்கையிட்டான். 'எங்களுக்கென்ன, அது உன்பாடு' என்றார்கள் ஆசாரியர்கள். அவன் போய் நாண்டுகொண்டு செத்தான். அந்த இரவில் பேதுரு செய்ததும் சிறிய பாவம் அல்ல. ஆண்டவரை மூன்று முறை மறுதலித்தான், வெளியே போய் மனங்கசந்து அழுதான். ஆனால் அதன் பிறகும் மற்ற சீஷர்களை விட்டுப் போகவில்லை. கல்லறை திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஓடினான். திபேரியா கடலோரத்தில் 'என்னை நேசிக்கிறாயா' என்று ஆண்டவர் மூன்று முறை கேட்டபோது, மூன்றாம் முறை துக்கப்பட்டானே தவிர எழுந்து போய்விடவில்லை. யூதாஸ் தன் பாவத்தோடு தனியாக நின்றான். பேதுருவோ கர்த்தரின் முகத்தைவிட்டு விலகவில்லை. மன்னிப்பை நீங்கள் நிலத்தால் வாங்கப்போவதில்லை. கிறிஸ்து அதைத் தம் இரத்தத்தால் வாங்கிக் கொடுத்திருக்கிறார். கொடுத்தது உண்மை என்பதால்தான், மானம் போகும், சொத்து குறையும் என்ற பயத்தை மீறித் தங்கை வீட்டுப் படியேற உங்களால் முடியும்.

இனி, செய்யவேண்டியவை. முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். அவர் எதிர்த்தால் பொறுமையாகப் பேசுங்கள், ஆனால் முடிவை அவர் சம்மதத்துக்குக் கட்டிவைக்காதீர்கள். பிறகு தனியாகப் போங்கள். உறவினர், மூப்பர், குருவானவர் எவரையும் அழைத்துப்போகாதீர்கள். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது நம் பெண்கள் 'பரவாயில்லை அண்ணா' என்று சொல்லியே ஆகவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவார்கள். என்ன செய்தீர்கள் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். நகையைப் பற்றிப் பேச வேண்டாம், உங்கள் கண்ணீரைப் பற்றியும் பேச வேண்டாம். பத்திர நகல்களை அவர் கையில் கொடுங்கள். பாதியை அவர் பெயருக்கு எழுதிக்கொடுக்க வந்திருக்கிறேன், இத்தனை வருடத்து மகசூலில் சேரவேண்டியதையும் தருகிறேன் என்று சொல்லுங்கள். புதிய பத்திரத்தை அவருக்கு வேண்டிய வழக்கறிஞரிடம் காட்டி வாசித்துப் பார்த்தபின் கையெழுத்தாகட்டும். பதிவுச் செலவு முழுவதும் உங்களுடையது.

மன்னித்துவிட்டேன் என்று சொல் என்று அவரைக் கேட்காதீர்கள். அவர் கோபப்படலாம், கதவைச் சாத்தலாம், கணவர் படுத்திருந்த நாட்களில் யாரிடமெல்லாம் கடனுக்கு நின்றேன் என்று சொல்லி அழலாம். உட்கார்ந்து கேளுங்கள். யோசிக்க அவருக்கு நாள் வேண்டியிருக்கும், மறுநாளே போன் செய்து என்ன முடிவு செய்தாய் என்று விசாரிக்காதீர்கள். அவர் பேசினாலும் பேசாவிட்டாலும் பத்திர வேலையை இந்த மாதமே தொடங்கிவிடுங்கள்.