எஃப்டியை உடைச்சிடலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா வணக்கம், நான் ரிட்டையர்டு டீச்சர், காரைக்குடி. சந்தையில பதற்றம், ரிசர்வ் வங்கி பணத்தை இறக்குதுன்னு டிவியில அடிக்கடி சொல்றாங்க. அந்த பணம் எங்கேர்ந்து வருது, யாருக்கு போகுது? அதை கேக்கும்போதெல்லாம் எஃப்டியை உடைச்சு வீட்டுல வச்சுக்கலாமான்னு தோணுது.

பதில்: அம்மா, உடைக்காதீங்க. 2008 செப்டம்பர் 15 அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ்ங்கிற பெரிய முதலீட்டு வங்கி கவுந்துச்சு, ரெண்டு வாரத்துல இங்க ஒரு பெரிய தனியார் வங்கி மூழ்கப்போகுதுன்னு வதந்தி. எங்க தெருமுனை ஏடிஎம்ல ராத்திரி ஒன்பது மணிக்கு அவ்ளோ கூட்டம், பக்கத்து வீட்டு அக்கா பாஸ்புக்கை முந்தானையில சுத்தி வச்சுக்கிட்டு வரிசையில நிக்கிறாங்க, அவங்க முறை வர்றதுக்குள்ள மெஷின்ல நோட்டு தீர்ந்துடுச்சு, உடனே பின்னாடி ஒருத்தர் "பாத்தீங்களா, பேங்க்ல காசே இல்ல"ன்னு கத்திட்டாரு. மெஷின்ல நோட்டு தீர்ந்ததுதான் விஷயம், ஆனா அந்த நேரத்துல யாரு கேப்பா. செப்டம்பர் 30 அன்னைக்கு ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டு, அந்த வங்கி நல்லா இருக்கு, தேவையான ரொக்கத்துக்கு நாங்களே ஏற்பாடு பண்ணிட்டோம்னு சொன்ன பிறகுதான் கூட்டம் கலைஞ்சுது.

நீங்க போடுற டெபாசிட்டை பேங்க் பெட்டியில பூட்டி வைக்கிறதில்ல, யாருக்கோ 15 வருஷ வீட்டுக்கடனா போயிருக்கும். எல்லாரும் ஒரே நாள்ல வந்து நின்னா எந்த நல்ல பேங்க்காலயும் குடுக்க முடியாது. அப்போ பேங்க், அரசாங்கத்துக்கு கடன் குடுத்து வாங்கி வச்சிருக்கிற பத்திரங்களை ரிசர்வ் வங்கியில வச்சு பணம் வாங்கும், நாம அவசரத்துக்கு நகையை அடகு வைக்கிற மாதிரியேதான், அந்த வட்டிதான் ரெப்போ. அந்த பணத்தை ரிசர்வ் வங்கி யார்கிட்டயும் வாங்கி குடுக்கல, தன் கணக்குப் புத்தகத்துல அந்த பேங்க் பேர்ல வரவு எழுதும், அந்த அதிகாரம் அதுக்கு மட்டும்தான் இருக்கு. பேங்குங்களுக்கு பணம் சுலபமா கிடைக்கணும்னு, 2008ல 9 சதவீதமா இருந்த ரெப்போவை 2009 ஏப்ரலுக்குள்ள 4.75க்கு கொண்டு வந்தாங்க, பேங்குங்க ரிசர்வ் வங்கியில கட்டாயமா போட்டு வைக்க வேண்டிய சிஆர்ஆரும் 9லேர்ந்து 5 ஆச்சு. அதனால டிவியில பணத்தை இறக்குதுன்னா அது இலவசமா குடுக்கிறதில்ல, ரெப்போவுல போற பணம் அடகு கடன், திருப்பி கட்டணும்.

கேள்வி: 2023ல அமெரிக்காவுல சிலிக்கான் வேலி பேங்க் ரெண்டே நாள்ல காலி. அந்த நாட்டு ரிசர்வ் வங்கியான ஃபெட் என்ன பண்ணிட்டு இருந்துச்சு? (ஐடி ஊழியர், கோவை)

பதில்: தம்பி, ஒரு கணக்கு பாருங்க. 2 சதவீத வட்டியில 100 ரூபாய்க்கு ஒரு பத்து வருஷ பத்திரம் வாங்குறீங்க, மறுநாளே புது பத்திரம் 4 சதவீதம் குடுத்தா உங்க பத்திரத்தை யாரும் 84 ரூபாய்க்கு மேல கேக்க மாட்டாங்க. ஃபெட் 2022 மார்ச்ல பூஜ்யத்துக்கு பக்கத்துல இருந்த வட்டியை ஒரே வருஷத்துக்குள்ள நாலரைக்கு மேல ஏத்துச்சு, அந்த பேங்க் நீண்டகால பத்திரங்களை மூட்டை மூட்டையா வச்சிருந்துச்சு. 2023 மார்ச் 8 அன்னைக்கு, பத்திரங்களை வித்ததுல 180 கோடி டாலர் நஷ்டம்னு அறிவிச்சாங்க, 9ஆம் தேதி ஒரே நாள்ல 4,200 கோடி டாலர் வெளிய போச்சு, 10ஆம் தேதி பூட்டு. வரிசையே கிடையாது, எல்லாம் ஃபோன்லயே.

12ஆம் தேதி ஞாயித்துக்கிழமை ஃபெட் புதுசா ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, 84க்கு போற பத்திரத்தையும் 100 ரூபாய்னே மதிப்பு வச்சு ஒரு வருஷம் வரைக்கும் கடன் குடுக்கும்னு. இது எனக்கு உடன்பாடில்ல. அடகுக்கு வர்ற பொருளை சந்தை விலைக்கு மதிப்பு போட்டுத்தான் கடன் குடுக்கணும். அந்த ராத்திரி வேற வழி குறைவுங்கிறதையும் ஒத்துக்கறேன், திங்கக்கிழமை காலையில இன்னும் பல பேங்க் மாட்டியிருக்கும். ஆனா முன்னாடியே கண்காணிச்சிருக்க வேண்டியது ஃபெட்தான், தங்களோட மேற்பார்வை சரியில்லன்னு அவங்க அறிக்கையிலயே எழுதியிருக்காங்க.

கேள்வி: கூட்டுறவு பேங்க்ல அரை சதவீதம் கூட வட்டி தர்றாங்க. மூழ்கினா ரிசர்வ் வங்கி காப்பாத்தும்தானே? (இல்லத்தரசி, ஈரோடு)

பதில்: காப்பாத்தும்னு நம்பி போடாதீங்கம்மா. கையில ரொக்கம் இல்லாதது வேற, சொத்தே இல்லாதது வேற. முதலாவதுக்குத்தான் அடகு கடன் உதவும். மெட்ராஸ்ல 1906 அக்டோபர்ல, மக்கள்கிட்ட டெபாசிட் வாங்கின அர்பத்நாட் கம்பெனிங்கிற தனியார் வங்கி திவாலானப்போ இருந்தது ரெண்டாவது வகை, அப்போ ரிசர்வ் வங்கியே கிடையாது, அது வந்தது 1935ல. வந்திருந்தாலும் ஓட்டைப் பானையில எவ்ளோ தண்ணி ஊத்தறது?

மும்பை பிஎம்சி பேங்க்கும் அப்படித்தான். ஒரே ரியல் எஸ்டேட் குழுமத்துக்கு கடனை கொட்டி அதை பொய்க் கணக்குல மறைச்சிருந்தாங்க. 2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டப்போ ஆறு மாசத்துக்கு ஒரு கணக்குலேர்ந்து 1,000 ரூபாய்தான் எடுக்கலாம்னாங்க. ஆயிரம் ரூபாய்! ஆஸ்பத்திரி செலவுக்கு வச்சிருந்தவங்க என்ன பண்ணுவாங்க? அப்புறம் அந்த வரம்பை ஏத்தினாங்க, 2022ல வேற பேங்க்கோட இணைச்சாங்க, பெரிய டெபாசிட் போட்டவங்களுக்கு பத்து வருஷம் வரைக்கும் தவணை. அதை நினைச்சா இன்னும் வயிறு எரியுது.

உங்களுக்கு உறுதியா இருக்கிறது டெபாசிட் காப்பீடுதான். 1962ல 1,500 ரூபாய்ல ஆரம்பிச்சது, 1993லேர்ந்து 1 லட்சம், 2020 பிப்ரவரியிலேர்ந்து 5 லட்சம். ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல எத்தனை கிளையில போட்டாலும் அசலும் வட்டியும் சேர்த்துதான் அந்த 5 லட்சம். கட்டுப்பாடு போட்டா 90 நாள்ல இந்த தொகை கிடைக்கணும்னு 2021ல சட்டமும் திருத்திட்டாங்க. அதனால ஒரே பேங்க்ல எட்டு லட்சம் வைக்காம ரெண்டு பேங்க்ல பிரிச்சு வைங்க. இன்னொண்ணு, நீங்க பேங்க்னு சொல்றது நகர கூட்டுறவு வங்கியா, இல்ல ஊர்ல இருக்கிற தொடக்க கூட்டுறவு சங்கமான்னு போர்டை பாத்து உறுதி பண்ணிக்கோங்க, சங்கத்துல போடுற டெபாசிட்டுக்கு இந்த காப்பீடு கிடையாது.