பாடத் தெரியாத லூயிஸ் வால்ஷ் எப்படிப் பாட்டுப் போட்டி நடுவரானார்?

நடுவர் நாற்காலியில் உட்காரும் முன்பே அவர் செய்துவந்த வேலை ஏறக்குறைய அதேதான். அதனால் இந்தக் கேள்விக்கு அவருடைய மேனேஜர் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

அயர்லாந்தின் மேயோ பகுதியில் 1952-இல் பிறந்தவர். இளவயதிலேயே டப்ளினுக்கு வந்து, இசைக்குழுக்களுக்குக் கச்சேரி பிடித்துக் கொடுக்கும் தொழிலில் இறங்கினார். பிறகு ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் வென்ற பாடகர் ஜானி லோகனுக்கு மேனேஜர் ஆனார். பெரிய திருப்பம் 1993-இல் வந்தது. இங்கிலாந்தில் 'டேக் தட்' என்ற இளைஞர் பாடகர் குழு ஓகோவென்று ஓடுவதைப் பார்த்து, டப்ளினில் இளைஞர்களை வரவழைத்துக் குரல் தேர்வு நடத்தி 'பாய்ஸோன்' குழுவை உருவாக்கினார்.

'வெஸ்ட்லைஃப்' கதை இன்னும் முக்கியமானது. ஸ்லைகோ ஊர்ப் பையன்களின் குழு அது. இசைத்தட்டு நிறுவனத்தைச் சேர்ந்த சைமன் கோவெல் அதைக் கேட்டுவிட்டு, சிலரை மாற்றச் சொன்னார். வால்ஷ் மாற்றினார். விலக்கப்பட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. ஆனால் புதிய குழுவின் 14 பாடல்கள் பிரிட்டனில் முதலிடம் பிடித்தன.

யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்ற இந்தத் தீர்ப்பைத்தான் தொலைக்காட்சி மேடைக்குக் கொண்டுவந்தது. 2002-இல் 'பாப்ஸ்டார்ஸ்: தி ரைவல்ஸ்' என்ற பிரிட்டன் தொலைக்காட்சிப் போட்டியின் நடுவராக இருந்தார், அதில் உருவான 'கேர்ள்ஸ் அலவுட்' குழுவுக்கு அவரே மேனேஜரும் ஆனார். 2004-இல் 'தி எக்ஸ் ஃபாக்டர்' என்ற பாட்டுப் போட்டி தொடங்கியபோது கோவெல், ஷாரன் ஆஸ்போர்ன் ஆகியோருடன் நடுவராக அமர்ந்தார். மறு வருடமே வால்ஷ் வழிகாட்டிய போட்டியாளர் ஷேன் வார்ட் வென்றார்.

சுரம் பிரித்துச் சொல்லும் ஞானம் வேறு. எந்த முகத்தையும் குரலையும் மக்கள் காசு கொடுத்துக் கேட்பார்கள் என்று கணிக்கும் காது வேறு. வால்ஷுக்கு வாய்த்தது இரண்டாவது.