டிஸ்னிலேண்டில் பழைய சந்தோஷம் மிச்சம் இருக்கிறதா?

கேள்வி: 1997-ல் கணவரின் வேலைக்காகக் கலிஃபோர்னியாவில் இருந்தபோது அனஹைம் டிஸ்னிலேண்டுக்குப் போயிருந்தோம். வரும் ஜூனில் மகள், மருமகன், 4 வயதுப் பேரனோடு மறுபடி போகிறோம். இப்போது வரிசையைத் தாண்டத் தனிக் காசாமே? பழைய சந்தோஷம் கிடைக்குமா?
- கோவை வாசகி

பதில்: காசு கறப்பது அங்கே புதிதல்ல. 1955-ல் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவு 1 டாலர், சவாரிகளுக்குத் தனிச்சீட்டு. சவாரிச் சீட்டுகளைப் புத்தகமாக விற்கும் வழக்கம் 1982-ல்தான் ஒழிந்தது. நீங்கள் பார்த்தது இடையில் கிடைத்த நல்ல காலம்.

வரிசை தாண்டும் 'லைட்னிங் லேன் மல்டி பாஸ்' இப்போது ஆளுக்கு 30 டாலருக்கு மேல். வாங்குமுன் பேரனை அளந்துவிடுங்கள். வேகமாகப் பாயும் ரோலர் கோஸ்டர்களில் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 40 அங்குல உயரம் வேண்டும், மேட்டர்ஹார்னுக்கு 42. நாலு வயதில் அதைத் தொட்டும் தொடாமலும் நிற்பார்கள். உங்கள் ஞாபகத்தில் இருக்கும் பீட்டர் பேன், ஆலிஸ், டம்போ சவாரிகளுக்கோ அந்தப் பாஸே கிடையாது; பணக்காரரும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

எல்லோரும் கோட்டைவிடுவது பீட்டர் பேனில். கூரையில் தொங்கும் குட்டிக் கப்பலில் 2 பேர், நெருக்கினால் 3. ஒவ்வொன்றும் நின்று ஆளை இறக்கி, ஏற்றிக் கிளம்புவதால் வரிசை நகரவே நகராது. 3 நிமிடம்கூட இல்லாத சவாரிக்கு மதியத்தில் முக்கால் மணி நேரம் நிற்க நேரிடும். ஆகவே திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கார் நிறுத்துமிடம் சேர்ந்துவிடுங்கள்; பை சோதனையிலேயே நேரம் போய்விடும். கதவு திறந்ததும் கடைகளைப் பார்க்காமல் கோட்டையைத் தாண்டி நேரே பீட்டர் பேன்.

வெயில் ஏறியதும் நீராவி ரயிலில் ஒரு சுற்று. நுழைந்ததும் வரும் மெயின் ஸ்ட்ரீட் வீதியில், தீயணைப்பு நிலைய மாடியில் வால்ட் டிஸ்னி தங்கிய சின்ன வீடு இருக்கிறது. அவர் நினைவாக ஜன்னலில் விளக்கு எரியும். பேரனுக்குக் காட்டுங்கள். நகர மண்டபத்தில் 'முதல் வருகை' பேட்ஜ் இலவசம். குளிர்பானம் ஊற்றித் தரும் கவுன்ட்டர்களில் தண்ணீர் கேட்டால் சும்மாவே தருவார்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கும் தடையில்லை, கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், அங்கே விற்கும் பர்கருக்கு அது எவ்வளவோ மேல்.

சவாரி முடிந்து வெளியே வரும் வழியிலேயே பொம்மைக் கடை வைத்திருப்பார்கள். அங்கே பேரனோடு மல்லுக்கட்ட வேண்டாம். "ஒரே பொம்மை, அதுவும் கிளம்பும்போது" என்று காலையிலேயே பேசிவிடுங்கள். மெயின் ஸ்ட்ரீட் கடைகள் கடைசிவரை திறந்திருக்கும். பகல் முழுக்கப் பையைச் சுமக்கும் வேலையும் மிச்சம்.