சலவைச் சில்லறையிலிருந்து தொடங்குங்கள்

தம்பி, நியூஜெர்சிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது என்றும், கடையில் மிஞ்சும் சில்லறையைக் கிண்ணத்தில் போட்டு வைத்திருப்பதாகவும், ஒன்பது வயது மகனுடன் சேர்ந்து அமெரிக்க நாணயங்களைச் சேகரிக்க முதலில் எதை வாங்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் ஆண்டில் எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். அந்தக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்.

நான் 2003-இல் இங்கு வந்தபோது, எங்கள் குடியிருப்பின் சலவை இயந்திரம் 25 சென்ட் நாணயமான குவார்ட்டரை மட்டுமே ஏற்கும். அதற்காக வாரந்தோறும் வங்கியில் 10 டாலர் கொடுத்து, 40 குவார்ட்டர்கள் அடங்கிய காகிதச் சுருள் ஒன்றை வாங்கி வருவேன். ஒருநாள் அதில் ஒரு நாணயத்தின் பின்புறம் ஹெலன் கெல்லர் அமர்ந்து படிக்கும் உருவமும், அவர் பெயர் பிரெயில் புள்ளிகளிலும் இருக்கக் கண்டேன். அது அலபாமா மாநிலத்துக்கானது. 1999 முதல் 2008 வரை, ஆண்டுக்கு ஐந்து மாநிலங்கள் வீதம், டெலவரில் தொடங்கி ஹவாயில் முடித்து, 50 மாநிலங்களுக்கும் தனித்தனி வடிவம் வெளியிட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று அந்த நாணயத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். துணி உலர்த்த ஒரு குவார்ட்டர் குறைந்தது. அந்த வரிசை இன்றும் புழக்கத்தில் இருப்பதால், உங்கள் மகனுக்கு அதுவே நல்ல தொடக்கம். 50 குழிகள் கொண்ட வரைபட அட்டை சில டாலருக்குக் கிடைக்கும். அந்த ஒரு செலவை மட்டும் அனுமதிக்கிறேன்.

அடுத்து, நாணயத்தில் உள்ள தலை உருவத்தின் அருகே இருக்கும் சிறிய எழுத்தைப் பார்க்கப் பழகுங்கள். அது எந்த ஊர் நாணயச் சாலையில் அச்சானது என்பதைக் காட்டும். நம் ஊர் நாணயத்தில் ஆண்டின் கீழே மும்பைக்கு வைரக் குறியும் ஹைதராபாதுக்கு நட்சத்திரமும் இருப்பதைப் போல, இங்கே பி என்றால் ஃபிலடெல்பியா, டி என்றால் டென்வர், எஸ் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோ, டபிள்யூ என்றால் வெஸ்ட் பாயின்ட். 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும், ஒவ்வொரு வடிவத்திலும் 20 லட்சம் டபிள்யூ குவார்ட்டர்களைப் பொதுப் புழக்கத்தில் கலந்துவிட்டார்கள். அப்படி ஒன்று கையில் வந்தால் சலவை இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள்.

பத்து சென்ட் நாணயமான டைம், ஐந்து சென்ட் நிக்கலைவிடச் சிறியதாக இருப்பது புதிதாக வருபவர்கள் எல்லோரையும் குழப்பும். டைம் ஒரு காலத்தில் வெள்ளி நாணயம். டாலரில் பத்தில் ஒரு பங்கு வெள்ளியே அதன் எடையைத் தீர்மானித்தது. நிக்கலோ தொடக்கத்திலிருந்தே செம்பும் நிக்கலும் கலந்த மலிவான உலோகம் என்பதால் பெரிதாக இருக்க முடிந்தது. 1964 வரையிலான ஆண்டைத் தாங்கிய டைம், குவார்ட்டர், அரை டாலர் ஆகியவற்றில் 90 சதவீதம் வெள்ளி உண்டு. விளிம்பில் செம்புக் கோடு தெரிந்தால் அது பிற்காலத்தது. வங்கியில் அரை டாலர் சுருள் கேட்டால் சில காசாளர்கள் வியப்பாகப் பார்ப்பார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், 1965 முதல் 1970 வரையிலான அரை டாலரிலும் 40 சதவீத வெள்ளி உண்டு.

ஒரு சென்ட் நாணயத்தில் 1909 முதல் 1958 வரையிலானவற்றின் பின்புறம் கோதுமைக் கதிர்கள் இருக்கும். போர்க்காலத்தில் செம்பு தேவைப்பட்டதால் 1943-இல் எஃகில் அச்சிட்டார்கள். அது காந்தத்தில் ஒட்டும். புழக்கத்துக்கான சென்ட் அச்சிடுவது 2025 நவம்பரில் நின்றுவிட்டது என்பதற்காக அண்மைக்காலச் சென்ட்களை மூட்டை கட்டி வைக்கும் நண்பர்களைப் பின்பற்றாதீர்கள். அவை கோடானுகோடி இருக்கின்றன.

இனி நான் செய்த பிழை. பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் பழைய கோதுமைச் சென்ட் ஒன்றைத் தந்தார். ஊரில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய பழக்கத்தில் அதையும் துலக்கினேன். பளபளவென்று இளஞ்சிவப்பாக வந்தது. நாணயக் கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவே இல்லை. சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது ஆண்டுகளாகப் படிந்த அந்த இயற்கையான நிறத்துக்குத்தான். தேய்த்தால் நுண்கீறல் விழும், எதைச் செய்தும் அதை மீட்க முடியாது. ஆகவே புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். மலிவான பி.வி.சி. உறைகளில் வைத்தால் நாளடைவில் பச்சைப் பிசுக்கு ஏறும்; மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளால் ஆன சாளரம் கொண்ட அட்டை உறைகளே நல்லவை.

ஓராண்டுக்குப் பிறகு காசு செலவழிக்கத் தோன்றினால், தொலைக்காட்சியில் விற்கும் பொன்முலாம் பூசிய குவார்ட்டர்களை ஒதுக்கிவிடுங்கள். முலாம் பூசியதும் அது சேகரிப்பாளருக்கு உதவாத நாணயமாகிவிடுகிறது. விலையுயர்ந்தது எதையேனும் வாங்குவதாக இருந்தால், பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. நிறுவனம் 1 முதல் 70 வரையிலான அளவில் தரமிட்டு மூடி முத்திரையிட்டதையே வாங்குங்கள். அதுவரை ஒரு வார நாளில் மகனை ஃபிலடெல்பியா நாணயச் சாலைக்கு அழைத்துப் போங்கள். பார்வையிடக் கட்டணம் இல்லை, மேல்தளக் கண்ணாடி வழியாகக் கீழே நாணயங்கள் உருவாவதைக் காணலாம்.