குழந்தைக் கட்டிலில் பஞ்சுப் பட்டை கட்டலாமா?

குழந்தை நலம்: வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறாள். அடுத்த மாதம் அவளுக்குப் பிரசவம். உதவிக்கு நான் போகிறேன். குழந்தைக்கென்று சுற்றிலும் மரக்கம்புகள் வைத்த கட்டில் ஒன்றை இப்போதே வாங்கிவிட்டார்கள். கம்பில் தலை இடித்துக்கொள்ளுமே, இடுக்கில் கை கால் மாட்டிக்கொள்ளுமே என்ற கவலையில், இலவம்பஞ்சு அடைத்து, நாடா வைத்து, நான்கு பக்கமும் கட்டும்படி ஒரு பட்டையை நானே தைத்தேன். வீடியோ அழைப்பில் அதைக் காட்டியபோது, அதற்குப் பம்பர் என்று பெயர், இங்கே அதைத் தடை செய்துவிட்டார்கள், கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மூன்று பிள்ளைகளை இரண்டு பக்கமும் தலையணை அணைகொடுத்து வளர்த்தவள் நான். மெத்தென்ற பஞ்சில் அப்படி என்ன ஆபத்து?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. ஆசையாகத் தைத்தவருக்கு இது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தப் பட்டையைக் குழந்தை தூங்கும் கட்டிலில் கட்ட வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'கூடாது' என்று மட்டும் கேட்டுக்கொண்ட பாட்டிமார், மகள் அசந்த நேரத்தில் கட்டிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பட்டை ஒரு காலத்தில் நல்ல நோக்கத்தோடுதான் வந்தது. பழைய கட்டில்களில் கம்புகளுக்கு இடையே இடைவெளி அகலமாக இருந்தது. தூக்கத்தில் நகரும் குழந்தையின் காலும் இடுப்பும் அதன் வழியே வெளியே நழுவிவிடும், தலை மட்டும் உள்ளே சிக்கிக்கொள்ளும். அப்படி உயிரிழந்த குழந்தைகள் உண்டு. அந்த இடைவெளியை மறைக்கத்தான் பஞ்சுப் பட்டை பயன்பட்டது. பிறகு 1973இல் அமெரிக்க அரசு, கம்புகளுக்கு இடையே சுமார் 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்று விதி வகுத்தது. அவ்வளவு குறுகிய இடைவெளியில் குழந்தையின் உடல் நுழையாது. அத்துடன் பட்டையின் வேலை முடிந்துவிட்டது என்றாலும் பட்டை மட்டும் போகவில்லை. மெத்தை விரிப்போடும் போர்வையோடும் ஒரே நிறத்தில் சேர்த்து விற்கப்படும் அலங்காரப் பொருளாக அது இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

பஞ்சில் என்ன ஆபத்து என்று கேட்டிருக்கிறீர்கள். அது மெத்தென்று இருப்பதுதான் ஆபத்து. கடினமான மரக்கம்பில் முகம் பட்டால் மூக்கைச் சுற்றிக் காற்று போய்வர இடம் இருக்கும். பஞ்சில் முகம் புதைந்தால் அந்த இடம் அடைபடும். குழந்தை தான் வெளியே விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும், அதில் பிராணவாயு குறைந்து கரியமில வாயு கூடிக்கொண்டே போகும். நமக்கு அப்படி நேர்ந்தால் தூக்கம் கலைந்து தலையைத் திருப்பிக்கொள்வோம். கழுத்து நிற்காத குழந்தைக்குத் திருப்பும் பலம் இல்லை. சில குழந்தைகளுக்கு மூச்சுத் திணறும்போது விழித்துக்கொள்ளும் அனிச்சையும் மந்தமாக இருக்கும், ஆனால் எந்தக் குழந்தைக்கு அப்படி என்று முன்கூட்டிக் கண்டறியும் சோதனை எதுவும் எங்களிடம் இல்லை. இது போதாதென்று, பட்டைக்கும் மெத்தைக்கும் நடுவே குழந்தை செருகிக்கொள்வதும், அவிழ்ந்த நாடா கழுத்தில் சுற்றிக்கொள்வதும் நடந்திருக்கின்றன. இவை எல்லாமே ஓசையில்லாமல் நடப்பவை. அடுத்த அறையில் இருப்பவருக்கு அழுகைச் சத்தம்கூடக் கேட்காது.

எண்ணிக்கையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவேடுகளை ஆராய்ந்து, 1985 முதல் 2005 வரை இந்தப் பட்டைகளோடு தொடர்புடைய 27 மரணங்கள் நேர்ந்ததாக 2007இல் எழுதினார்கள். 2012 வரை நீட்டித்த பிந்தைய ஆய்வில் அது 48 ஆனது. அவ்வளவு பெரிய நாட்டில், அத்தனை ஆண்டுகளில், இது சிறிய எண்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், பட்டை கட்டிய கட்டிலில் தூங்கிய குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே விழித்தெழுந்தார்கள். ஆனால் தராசின் மறுதட்டில் இருப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். பட்டை இல்லாவிட்டால் நேரக்கூடியது தலையில் ஒரு சிறு வீக்கம், கம்பிடுக்கில் மாட்டிய காலால் ஓர் அழுகை, ஒரு சிராய்ப்பு. தானாகப் புரளத் தொடங்கும் குழந்தை தன் பலத்தால் கம்பில் மோதித் தலையில் பெரிய காயம் ஏற்படுத்திக்கொள்ள முடியாது. வீக்கம் இரண்டு நாளில் வற்றிவிடும். இப்படிப்பட்ட சின்னத் தொல்லையைத் தவிர்ப்பதற்காக, எவ்வளவு அரிதாக இருந்தாலும் உயிர்ப்பயத்தை விலை கொடுத்து வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் இதே முடிவுக்கு வந்து, 2011இலேயே பட்டை வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அதே ஆண்டு சிகாகோ நகரமும், 2013இல் மேரிலாந்து மாநிலமும் விற்பனையைத் தடை செய்தன. நாடு முழுவதற்குமான சட்டத்தில் அதிபர் பைடன் 2022 மே 16 அன்று கையெழுத்திட்டார். அவ்வாண்டு நவம்பர் முதல் அங்கே பஞ்சு வைத்த பம்பரைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். வீட்டில் கட்டியிருப்பவரைத் தேடி யாரும் வரப்போவதில்லை. உங்கள் மகள் பயப்படுவது சட்டத்துக்கு அல்ல. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் தாய்மாருக்கு அங்கே சொல்லித் தரும் பாடத்தை அவர் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

மூன்று பிள்ளைகளைத் தலையணை வைத்தே வளர்த்ததாகச் சொல்கிறீர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் எங்கே தூங்கினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பகலில் கூடத்தில், கோரைப்பாயில், வீட்டில் நான்கு பேர் நடமாடும் இடத்தில் தூங்கியிருப்பார்கள். யாராவது ஒருவர் கண் குழந்தைமேல் இருந்துகொண்டே இருந்திருக்கும். அங்கே கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீட்டில், இரவு மூன்று மணிக்குப் பால் கொடுத்து அயர்ந்து தூங்கும் தாய்க்கு அந்தக் காவல் கிடையாது. அதனால் காவல் இல்லாத நேரத்திலும் ஆபத்தில்லாத படுக்கையைத்தான் நாம் ஏற்பாடு செய்ய வேண்டும். கட்டிலில் இறுக்கமான மெத்தையும் அதன்மேல் இழுத்துக் கட்டிய விரிப்பும் போதும். தலையணை, போர்வை, பொம்மை, தலை வட்டமாக வர வேண்டுமென்று நீங்கள் எடுத்துவைத்திருக்கக்கூடிய கடுகுத் தலையணை, எதுவும் தூங்கும் குழந்தையோடு இருக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். முதல் ஆறு மாதமாவது கட்டில் பெற்றோரின் அறையிலேயே இருக்கட்டும். பிள்ளையைத் தனி அறையில் போடுவதா என்று நீங்கள் மனதுக்குள் குறைப்பட்டுக்கொண்டிருந்தால், இந்த ஒரு விஷயத்தில் அங்குள்ள மருத்துவர்களும் உங்கள் பக்கம்தான்.

தைத்த பட்டையை வீணாக்க வேண்டாம். நாடாக்களைப் பிரித்துவிட்டு, பஞ்சை எடுத்துவிட்டு, துணியை இணைத்து ஒரு தரைவிரிப்பாகத் தைத்துக் கொண்டுபோங்கள். குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அதில் சிறிது நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டலாம். கழுத்துக்கும் தோளுக்கும் பலம் சேர அது அவசியம். அதை உங்களைவிடப் பொறுமையாகச் செய்ய அந்த வீட்டில் வேறு ஆள் இருக்கப் போவதில்லை.

கேள்வி: நாங்கள் டல்லாஸில் வசிக்கிறோம். எங்கள் ஏழு மாத மகன் இரவில் இரண்டு மூன்று முறை கம்புகளுக்கிடையே காலை விட்டுக்கொண்டு அழுகிறான். பஞ்சு பம்பர் கூடாது என்று தெரியும். ஆனால் கொசுவலை போன்ற மெல்லிய வலைத்துணியில் செய்த தடுப்பு கடைகளில் இன்னும் கிடைக்கிறது. காற்று புகுமே, அதைக் கட்டலாமா?
– வாசகர், டெக்சாஸ்

பதில்: பஞ்சில்லாத வலைத் தடுப்பை 2022ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது; அதனால்தான் இன்னும் விற்கிறார்கள். சட்டம் தடுக்கவில்லை என்பதும் மருத்துவர் பரிந்துரைக்கிறார் என்பதும் ஒன்றல்ல. அதே 2022இல் புதுப்பித்த அறிவுரையில், கம்புகளில் கட்டும் இத்தகைய தடுப்பு எதுவுமே வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. வலையில் மூச்சு அடைபடும் வாய்ப்பு பஞ்சைவிடக் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் துவைத்துத் துவைத்துக் கட்டு தளர்ந்தால் வலை தொய்ந்துவிடும். தொய்ந்த துணியில் கழுத்தோ கையோ சிக்கலாம். ஒவ்வோர் இரவும் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று சோதிக்கும் பொறுமை எத்தனை பெற்றோருக்கு இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். எனவே வேண்டாம் என்பதே என் கருத்து.

காலுக்கு வேறு வழி இருக்கிறது. கை வெளியே இருக்க, தோளிலிருந்து பாதம் வரை மூடிய பை போன்ற தூக்க உடை கிடைக்கும். அதை அணிவித்தால் இரண்டு காலும் ஒரே துணிக்குள் இருப்பதால், தனித்தனியாக இடுக்கில் போவது பெரும்பாலும் நின்றுவிடும்; போர்வையும் தேவைப்படாது. மாட்டிக்கொண்டால் முட்டியை மெதுவாக மடக்கி உள்பக்கம் தள்ளி எடுங்கள். வெளியிலிருந்து இழுக்க வேண்டாம். ஒரு மாதத்தில் அவனே இழுத்துக்கொள்ளக் கற்றுவிடுவான். இந்த வயதில் மெத்தையைத் தாழ்ந்த நிலைக்கு இறக்கிவிட்டீர்களா என்றும் பாருங்கள். கம்பைப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கும் குழந்தை, உள்ளே இருக்கும் எதையும் படியாக வைத்து ஏறப் பார்க்கும், பம்பர் உட்பட.

கேள்வி: என் தாத்தா காலத்துக் கடைசல் மரத்தொட்டில் எங்கள் வீட்டில் இருக்கிறது. பேரனை அதில் போட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கம்புகளுக்கு நடுவே என் முஷ்டியே நுழைகிறது. இணையத்தில் பம்பர் வாங்கிச் சுற்றிலும் கட்டிவிட்டால் போதும் அல்லவா? ஆபத்தான பொருளாக இருந்தால் விற்பார்களா?
– வாசகி, மதுரை

பதில்: விற்பார்கள். அமெரிக்காவிலேயே ஆபத்து எழுத்தில் வந்த பிறகும் பதினைந்து ஆண்டுகள் விற்றார்கள்.

முஷ்டி நுழையும் இடைவெளிதான், பம்பரைக் கண்டுபிடிக்கக் காரணமாக இருந்த அதே பழைய இடைவெளி. அதைப் பஞ்சால் மறைத்தால் ஓர் ஆபத்தின்மேல் இன்னோர் ஆபத்தைக் கட்டுவதாகவே ஆகும். அந்தத் தொட்டிலைப் பிள்ளை தூங்கப் பயன்படுத்த வேண்டாம். பெயர்சூட்டும் நாளில், எல்லோரும் சூழ்ந்து நிற்க, ஐந்து நிமிடம் அதில் கிடத்தித் தாலாட்டுப் பாடிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; உங்கள் அம்மாவின் ஆசை நிறைவேறிவிடும்.

தூங்குவதற்குப் புதிய கட்டில் வாங்குவதாக இருந்தால், சாதாரண அகலமான குளிர்பானக் கேன் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கம்புகளுக்கிடையே விட்டுப் பாருங்கள். ஒல்லியான கேன் வேண்டாம், அது கணக்கைக் கெடுத்துவிடும். கேன் நுழைந்தால் அந்தக் கட்டிலை வாங்காதீர்கள். மெத்தைக்கும் கட்டிலின் பக்கச் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. கட்டிலோடு பம்பரும் சேர்ந்தே வந்தால், பிரித்தவுடன் தனியாக எடுத்துவைத்துவிட்டு, தையல் கத்தரியால் நாடாக்களை வெட்டிவிடுங்கள். உதவிக்கு வரும் உறவினர் யாரும் பிறகு கட்ட முடியாது.