எண்டோஸ்கோப்பி எடுத்தாச்சு, ஆனாலும் சாப்பாடு நெஞ்சில் சிக்குகிறதே?

கேள்வி: வயது 28. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். இரண்டு வருடமாகச் சப்பாத்தி, சிக்கன் எல்லாம் நெஞ்சில் சிக்கி நிற்கின்றன. தண்ணீர் குடித்துத்தான் இறக்குகிறேன். போன மாதம் பரோட்டா அரை மணி நேரம் அடைத்துக்கொண்டது. எண்டோஸ்கோப்பியில் 'லேசான கேஸ்ட்ரைட்டிஸ்' (இரைப்பை அழற்சி) என்றார்கள். அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை தினம் ஒன்று, ஒரு மாதம் போட்டும் பலனில்லை. சிறுவயதில் வீசிங் இருந்தது. இப்போதும் காலையில் அடுக்குத் தும்மல். இது உணவுக்குழாய் அலர்ஜியா? நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்கிறார்கள், எடுக்கலாமா?

பதில்: அந்தப் பணத்தை இன்னொரு எண்டோஸ்கோப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'அதுதான் எடுத்தாச்சே' என்பீர்கள். உணவுக்குழாயிலிருந்து சதைத் துணுக்கு எடுத்தார்களா? ரிப்போர்ட்டில் 'பயாப்ஸி' என்று இருந்தாலும், அது இரைப்பையில் எடுத்ததாக இருக்கலாம். பாருங்கள்.

இளவயது ஆண், வீசிங், தும்மல், கெட்டி உணவு சிக்குவது: நீங்கள் எழுதியதெல்லாம் 'இயோசினோபிலிக் ஈசோபேஜைட்டிஸ்' பக்கம்தான் கை காட்டுகிறது. ஒவ்வாமையில் பங்குள்ள இயோசினோபில் அணுக்கள் உணவுக்குழாய்ச் சுவரில் குவிந்து புண்ணாக்கும். வருடக்கணக்கில் விட்டால் தழும்பாகிக் குழாய் குறுகும். கேமராவில் வளையங்கள், நீளவாட்டுக் கோடுகள், வெள்ளைப் புள்ளிகள் தெரியலாம். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. அதனால்தான் குழாயின் மேலும் கீழுமாகக் குறைந்தது 6 துணுக்குகள் எடுக்கச் சொல்கிறோம். மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வைப் பரப்பில் 15 அல்லது அதற்கு மேல் இயோசினோபில் இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால் நோய் உறுதி. பான்டோபிரசோலை இன்னும் போடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது அணுக்களைக் குறைத்து நோயை மறைத்துவிடலாம்.

இருமலுக்குப் போனால் 'ரத்தத்தில் ஈஸ்னோபில் கூடியிருக்கு' என்பார்களே, அது வேறு. குடற்புழு இருந்தாலும் அது கூடும். ரத்தத்தில் நார்மலாக இருந்தும் உணவுக்குழாயில் குவிந்திருக்கலாம். நூறு உணவுப் பரிசோதனை பெரும்பாலும் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவைத்தான் பார்க்கிறது; அதில் தெரிவது நீங்கள் எதைச் சாப்பிட்டுப் பழகியவர் என்பது மட்டுமே. தோலில் ஊசி குத்திப் பார்க்கும் டெஸ்ட்டும் இந்த நோயில் நம்பகமாகக் காரணத்தைச் சொல்லாது.

நோய் உறுதியானால் வழிகள் உண்டு. பான்டோபிரசோல் வகையை இரண்டு வேளை, 8 முதல் 12 வாரம் கொடுத்தால் சுமார் பாதிப் பேருக்குக் கேட்கும். நீங்கள் போட்டது போதாது. அடுத்தது ஸ்டீராய்டு. பயப்பட வேண்டாம், ஆஸ்துமாவுக்கு நெபுலைசரில் வைக்கும் அதே பியூடெசோனைடு திரவத்தைத் தேனில் கெட்டியாகக் குழைத்து விழுங்கச் சொல்வோம். மருந்து குழாய்ச் சுவரில் ஒட்டி நிற்க வேண்டும் என்பதால் அடுத்த அரை மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. வாயில் வெள்ளை படிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

உணவு வழியில் போனால் முதலில் பாலை நிறுத்திப் பார்க்கலாம். டீ, தயிர், மோர், நெய், பேக்கரி பிஸ்கட் எல்லாமே இதில் அடக்கம். கோதுமையையும் நிறுத்துவதென்றால் ரவை, சேமியாவோடு பெருங்காய டப்பாவையும் பாருங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். இதைத் தவறவிட்டு 'பத்தியம் இருந்தும் பலனில்லை' என்று வருபவர்கள் உண்டு. எதற்கும் மசியாதவர்களுக்கு டுபிலுமாப் ஊசி இருக்கிறது. 2022-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி கிடைத்தது. விலைதான் தலைசுற்ற வைக்கும். குழாய் ஏற்கெனவே குறுகியிருந்தால் பலூன் வைத்து விரிக்கலாம், ஆனால் அழற்சிக்கு மருந்து தனியாக வேண்டும்.

எந்த வழியானாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பயாப்ஸி. 'இப்ப நல்லா இறங்குது டாக்டர்' என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டேன். மட்டனை ஒதுக்கி, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துப் பழகியவருக்கு நோய் இருந்தும் தெரியாது.

மறுபடி அடைத்து, எச்சில்கூட இறங்கவில்லையென்றால் வாழைப்பழமோ சோற்று உருண்டையோ போட்டுத் தள்ளாதீர்கள், விரல் விட்டு வாந்தியும் எடுக்காதீர்கள். குழாய் கிழிய வாய்ப்புண்டு. எண்டோஸ்கோப்பி வசதியுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள்.