எமல்ஷன் பெயின்ட் திரிந்தது யாரால்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். ஹாலுக்கு 10 லிட்டர் வெள்ளை அக்ரிலிக் எமல்ஷன் வாங்கினோம். பெயின்டர் பாதியை எடுத்து, போர்வெல் தண்ணீர் விட்டுக் கலக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். வந்து பார்த்தால் பக்கெட்டில் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக நிற்கிறது. "உங்க தண்ணிதான் காரணம்" என்று கடைக்காரர் கையை விரிக்கிறார். பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் டப்பாவில் மிச்சம் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உங்கள் சாட்சி அதுதான்.

கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. வெள்ளை நிறம் தரும் டைட்டானியம் டை ஆக்சைடு துகள்கள் மேல் பாலிஅக்ரிலேட் என்ற பாலிமர் இழைகள் போர்த்தியிருக்கும். இழை நெடுக எதிர்மின்னூட்டம். அதனால்தான் துகள்கள் ஒன்றை ஒன்று தள்ளி நிற்கின்றன. நீர்த்த கலவையில் துகளுக்குத் துகள் தூரம் அதிகம். பெயின்டில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, தள்ளும் விசை கொஞ்சம் குறைந்தாலும் ஒட்டிக்கொள்ளும். போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியத்துக்கு இரண்டு நேர்மின்னூட்டம். அது அந்தத் தள்ளும் விசையைக் குறைப்பதோடு இழைகளையும் பிடித்துச் சுருட்டிவிடும். சோடியத்துக்கு ஒன்றுதான் என்பதால், அதே கெடுதலைச் செய்ய சாதா உப்பு பல மடங்கு வேண்டும்.

இருந்தாலும் சாதாரண போர்வெல் தண்ணீர் அளவாகக் கலந்ததற்கே நல்ல பெயின்ட் இப்படித் திரியக்கூடாது. எனக்கு அந்தப் பக்கெட் மேல்தான் சந்தேகம். அதில் அதற்கு முன் சுண்ணாம்போ வெள்ளை சிமென்டோ கரைத்தார்களா என்று பெயின்டரிடம் கேளுங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிமென்டே வேண்டிய கால்சியத்தை விட்டுவிடும்.

இரண்டு சுத்தமான கண்ணாடி டம்ளரில் மிச்சப் பெயின்டைக் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், மற்றதில் போர்வெல் தண்ணீர், டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு. மூடி வைத்து, மறுநாள் காலையில் கண்ணாடித் துண்டில் தடவிப் பாருங்கள். ஆர்.ஓ. டம்ளரும் திரிந்திருந்தால் சரக்கு கெட்டது, கடைக்காரர் தப்ப முடியாது. இரண்டுமே நன்றாக இருந்தால் பெயின்டரோடு பேச வேண்டியதுதான். போர்வெல் டம்ளர் மட்டும் திரிந்தால் தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கால்சியம், மக்னீசியம் எவ்வளவு என்பதைச் சோதியுங்கள். குடிநீர் தரம் ஐ.எஸ். 10500, வேறு வழியில்லாத இடத்திலும் லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரைதான் அனுமதிக்கிறது. உங்களுடையது அதைத் தாண்டினால் வழக்கு பலவீனம்.

பில், பேட்ச் நம்பர், தயாரிப்புத் தேதி, டம்ளர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் கிடையாது. இதற்கிடையில், "வடிகட்டி அடிச்சிடலாம்" என்று பெயின்டர் சொன்னால் விடாதீர்கள்; வடிகட்டினால் போவது கட்டி மட்டுமல்ல, வெள்ளையும்தான்.